ஏகாம்பரம் போட்ட பூட்டு

போன செவ்வாய்க்கிழமை காலை, ஷிப்ட் சங்கு ஊதி முடிந்த கையோடு பவித்ரா போன் செய்தாள்.

பவித்ரா எங்கள் கம்பெனி ஸ்டோர்ஸ் ஏகாம்பரத்தின் மகள். ப்ளஸ் டூ முடித்தவள். ஏகாம்பரம் அதற்கு முந்தைய வாரம்தான் தவறிப்போயிருந்தார்.

"மேடம், அப்பாவோட ஆபீஸ் மெயிலுக்கு எதுனா வந்திருக்கா? மேனேஜர் சார்கிட்ட ரெண்டு வாட்டி கேட்டேன். வரலன்னாரு. நீங்க ஒரு தடவை பாத்துச் சொல்றீங்களா?"

அழவில்லை. கெஞ்சவில்லை. மருந்துக் கடையில் மாத்திரை இருக்கிறதா என்று கேட்பது போலக் கேட்டாள். அப்பா போய் ஒரு வாரம்கூட ஆகவில்லை... அந்தக் குரல் அவ்வளவு நிதானமாக இருந்ததுதான் எனக்குத் தாங்கவில்லை.

இந்தப் பத்தியை வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். வாரத்தில் ஆறு நாள் அம்பத்தூர் எஸ்டேட்டில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. மிச்சமிருக்கும் நேரத்தில்தான் உங்களோடு இந்த அரட்டை. எங்களுடையது பிரேக்குக்கான சின்னச் சின்ன பாகங்கள் செய்கிற சின்னக் கம்பெனி. மெயில் சர்வர்கூட சொந்தம்தான். என் அறையில், மேஜைக்கு அடியில், தூசியோடு உட்கார்ந்திருக்கிறது. ஊரே வேறு எங்கெங்கோ மாறிவிட்டது. எங்கள் முதலாளி மட்டும் "ஓடுற வண்டிய எதுக்கும்மா மாத்தணும்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். அதுவும் ஓடிக்கொண்டே இருக்கிறது!

பவித்ரா எதிர்பார்த்தது ஒரு நர்ஸிங் கல்லூரியின் மெயில். முதல் சுற்றில் அவளுக்கு இடம் கிடைக்கவில்லை. யாராவது விலகினால் அடுத்து நீ என்று சொல்லியிருந்தார்கள். இடம் காலியானால் மெயில் வரும். மெயிலில் சொன்ன நேரத்துக்குள் நேரில் போய் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் இடம் அடுத்த பெண்ணுக்குப் போய்விடும். போன் எல்லாம் வராது.

சரி, அந்த மெயில் ஏன் அப்பாவின் ஆபீஸுக்கு வர வேண்டும்?

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம். உங்கள் வீட்டுப் பிள்ளையின் அப்ளிகேஷனில் யாருடைய மெயில் ஐடி இருக்கிறது? யோசித்துப் பாருங்கள்.

பவித்ராவுக்குச் சொந்தமாக மெயில் ஐடி இருந்தது. ஏகாம்பரம்தான் ஒத்துக்கொள்ளவில்லை. "உன் போன்ல ஆயிரம் குப்பை வருது. அதுல இதுவும் பூடும். நாள் முச்சூடும் நான் கம்ப்யூட்டர் முன்னாடிதானே குந்திகினு கீறேன்? என் கண்ணு முன்னாடி வரட்டும். சீட்டு வந்தா மொதல்ல நான்தான் பாக்கணும்." இதை அவர் வீட்டில் மட்டும் சொல்லவில்லை. ஸ்டோர்ஸுக்கு நட்டு வாங்க வந்தவன், போல்ட்டு வாங்க வந்தவன் எல்லோரிடமும் சொல்லியிருந்தார்.

குத்தம்பாக்கம் அவருக்குச் சொந்த ஊர். அப்பா காலம் வரைக்கும் பயிர் வைத்த குடும்பம். இவர் இருபது வயதில் எங்கள் கம்பெனிக்கு வந்தவர். கழுத்தில் எப்போதும் ஒரு பச்சைக் கரை துண்டு. வேலை நேரத்தில் அது நாற்காலியின் முதுகில் தொங்கும்.

அவர் இறந்த அன்று காலையில் என் அறைக்கு வந்திருந்தார்.

"மேடம், ஒரு டவுட்டு. பொட்டி ரொம்பிடுச்சின்னா வர்ற மெயிலு இன்னா ஆவும்?"

"திரும்பிப் போயிடும்ணா. பழசை எல்லாம் அப்பப்போ அழிச்சிடுங்கன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்?"

"ஐயையோ! பாப்பா மெயிலு வர்ற நேரம்... இதோ இப்பவே கிளீன் பண்ணிடறேன்."

ஓட்டமாகப் போனார். நான் சிரித்துக்கொண்டேன். 

மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் முன்னால் கேட்டில் லாரி வந்திருக்கிறது. "லோடு வந்துகீது முனுசாமி, பாத்துட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனவர், இறக்கிய பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்தார். அப்படியே சாய்ந்தார். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

முனுசாமி அவரோடு ஸ்டோர்ஸில் கூட வேலை செய்கிறவர். பக்கத்தில் பாடியில் குடியிருப்பவர். இருவரும் ஒரே வயது, ஒரே டிபன் பாக்ஸ். அன்று மாலையே அவர் ஏகாம்பரத்தின் இடத்தைச் சுத்தமாகத் துடைத்தார். துண்டை நாற்காலியின் மேல் விரித்துப் போட்டார். அடையாள அட்டையின் போட்டோவை மேஜையில் சாய்த்து வைத்து, ஒரு டம்ளரில் சாமந்திப் பூ வைத்தார். கம்ப்யூட்டரையும் அணைத்தார்.

"காரியம் முடியற வரைக்கும் யாரும் இந்த சீட்ல குந்தக் கூடாது. எதையும் தொடவும் கூடாது. சொல்லிட்டேன்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. முதலாளிகூடச் சரி என்றார். பதினாறாம் நாள் வரைக்கும் ஸ்டோர்ஸ் வேலையை முனுசாமி பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, பேப்பரிலேயே பார்த்துக்கொள்வதாக ஏற்பாடு. சப்ளையர்கள் போன் செய்து "சார், ஸ்டோர்ஸுக்கு அனுப்புற மெயில் போகவே மாட்டேங்குது" என்றபோதும், "அவரு தவறிட்டாருங்க... கொஞ்ச நாள் பொறுத்துக்குங்க" என்று பதில் சொல்லியிருக்கிறார்கள். கேட்டவர்களும் உச்சுக் கொட்டிவிட்டுப் போனை வைத்திருக்கிறார்கள். மெயில் போகாததற்கும் மனிதர் போனதற்கும் என்ன சம்பந்தம் என்று யாருக்கும் தோன்றவில்லை. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவும் தோன்றவில்லை!

பவித்ராவின் போனை வைத்த பிறகுதான் நான் சர்வரைத் திறந்து பார்த்தேன்.

மேனேஜர் பொய் சொல்லவில்லை, தன் கம்ப்யூட்டரிலிருந்தே பார்த்திருக்கிறார். ஏகாம்பரம் பார்த்துவந்த ஸ்டோர்ஸ் மெயில் பெட்டியில் புதிதாக எதுவும் இல்லை. ஆனால் ஒன்றுகூடவா இல்லை? கொரியர் அறிவிப்புகூடவா வராது? பெட்டியை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தேன். வந்த மெயில்கள் சர்வரில் வரிசை கட்டி நின்றன. எல்லாம் ஸ்டோர்ஸுக்கு வந்தவை. உள்ளே போக முடியாமல் நாள் கணக்காக நிற்பவை. அனுப்பியவர்களின் பெயர்களை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்தேன்... நடுவில் அந்தக் கல்லூரியின் பெயர் இருந்தது.

ஏன் உள்ளே போகவில்லை? பெட்டி பூட்டியிருந்தது.

இந்தப் பூட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்களுடையது போன்ற பழைய சர்வரில் ஒருவருடைய மெயில் பெட்டி என்பது ஒரே ஒரு நீளமான ஃபைல்தான். புது மெயில் வந்தால் அதன் வாலில் ஒட்டப்படும். பழையதை அழித்தால் ஃபைல் மறுபடியும் எழுதப்படும். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்தால்? ஒரு கடிதத்தின் தலையும் இன்னொரு கடிதத்தின் காலும் ஒட்டிக்கொள்ளும். சில கடிதங்கள் காணாமலே போகும். அதனால் எழுத வருகிற புரோகிராம் முதலில் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி ஃபைலை வைக்கும். 'லாக்' என்று அதற்குப் பெயர். வேலை முடிந்ததும் அதை எடுத்துவிடும். மற்ற புரோகிராம்கள் அதைப் பார்த்தால் காத்திருக்கும்.

பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டில் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பீர்கள் அல்லவா? அதேதான். துண்டு யாரையும் தடுக்காது. எடுத்துக் கீழே போட்டுவிட்டு உட்கார்ந்தால் யார் என்ன செய்ய முடியும்? ஆனாலும் நாம் உட்கார்வதில்லை. ஆள் வருகிறார் என்ற மரியாதை. மெயில் பெட்டியின் பூட்டும் அந்த மரியாதையை நம்பித்தான் இருக்கிறது.

துண்டு போட்டவர் பஸ்ஸையே தவறவிட்டுவிட்டால்? அதற்கும் ஒரு வழி உண்டு. அந்தக் குட்டி ஃபைலுக்குள் ஒரு எண் இருக்கும். பூட்டுப் போட்டது எந்தப் புரோகிராம் என்று காட்டும் எண். அது இன்னும் ஓடுகிறதா, செத்துவிட்டதா என்று பார்க்கலாம். செத்திருந்தால் பூட்டைத் தைரியமாக எடுத்துவிடலாம்.

பார்த்தேன். ஓடிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரத்தின் பெயரில், அவர் மேஜைக் கம்ப்யூட்டரிலிருந்து, அவர் இறந்த அன்று காலையில் தொடங்கிய மெயில் புரோகிராம் உயிரோடு இருந்தது. எப்படி? முனுசாமிதான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டாரே?

ஸ்டோர்ஸுக்குப் போய்க் குனிந்து பார்த்தேன். மேஜைக்குக் கீழே சின்னதாக ஒரு பச்சை விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. முனுசாமி அணைத்தது திரையை மட்டும். திரை இருண்டால் கம்ப்யூட்டர் தூங்கிவிட்டது என்று நம்புகிறவர் அவர் மட்டுமா? எங்கள் ஆபீஸில் பாதிப் பேர் அப்படித்தான் வீட்டுக்குக் கிளம்புகிறார்கள்.

திரையைப் போடலாம் என்று கையை நீட்டினேன்.

"மேடம், வேணாம்." முனுசாமி நடுவில் வந்து நின்றார். "காரியம் முடியட்டும்."

"முனுசாமி, அவர் பொண்ணோட மெயில் மாட்டியிருக்கு..."

"எல்லாம் சரிதான். வேற வழி எதுனா பாருங்க மேடம். அண்ணாத்தே குந்துன எடம்..." டம்ளரில் இருந்த சாமந்தியைச் சரி செய்தார்.

மேனேஜர் கேட்டார். "எதுக்கு இவ்ளோ பேச்சு? அந்த லாக் ஃபைலை டெலீட் பண்ணிடுங்க மேடம். அஞ்சு நிமிஷ வேலை."

செய்யலாம். அதில்தான் ஆபத்து. ஏகாம்பரத்தின் புரோகிராம் தன் கையில் பெட்டியின் பழைய நிலையை வைத்துக்கொண்டு காத்திருக்கிறது. நான் பூட்டை எடுத்தால் புது மெயில்கள் உள்ளே வந்துவிடும். பிறகு யாராவது மேஜையைத் துடைக்கும்போது கீபோர்டில் கை பட்டால் போதும். புரோகிராம் தன் வேலையை முடிக்கப் பார்க்கும். பழைய நிலையைத் திரும்ப எழுதிவிடும். புதிதாக வந்ததெல்லாம் போய்விடும். கல்லூரிக் கடிதமும் சேர்த்து.

அந்தப் புரோகிராமையே என் அறையிலிருந்து நிறுத்தவும் ஒரு கட்டளை உண்டு. அதன் பெயர் 'கில்'. எத்தனையோ ஆயிரம் தடவை அடித்திருக்கிறேன். அன்றைக்கு ஏகாம்பரம் என்ற பெயருக்கு நேராக அதை அடிக்க எனக்குக் கை வரவில்லை. வெட்கமாகத்தான் இருக்கிறது... ஆனால் வரவில்லை.

வரிசையில் நிற்கும் கடிதத்தைப் பிரித்துப் படிக்கவும் என்னால் முடியும். அது என் கடிதம் இல்லையே! பவித்ராவுக்குப் போன் செய்தேன்.

"வந்திருக்கும்மா. உள்ள போகாம வெளியிலயே நிக்குது. நீ சரின்னு சொன்னா நான் பிரிச்சிப் படிச்சிடறேன்."

அந்தப் பக்கம் ஏதோ பேச்சு. பிறகு வேறு குரல். ஏகாம்பரத்தின் மனைவி விஜயா.

"இருங்க மேடம். பிரிக்காதீங்க. நான் வரேன்."

ஏகாம்பரத்தின் அண்ணனோடு பவித்ரா வருவாள் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அந்த ஊரில், அந்த வீட்டில், புருஷனை இழந்தவள் காரியத்துக்கு முன்னால் வாசல் தாண்டுவது என்பது சாதாரண விஷயம் இல்லை. சொந்தக்காரர்கள் எவ்வளவு பேசியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. விஜயா சொல்லவும் இல்லை. மதியம் ஷேர் ஆட்டோவிலிருந்து அம்மாவும் மகளும் இறங்கியபோது கேட்டில் இருந்த செக்யூரிட்டி எழுந்து நின்றுவிட்டார்.

முனுசாமி ஓடி வந்தார். "அண்ணி... நீங்க ஏன் வந்தீங்க? காரியம்கூட ஆவல..."

"ஆவலதான். இன்னா பண்றது முனுசாமி? நம்ம ஊட்டு காரியம் எப்போன்னு காலேஜிக்காரனுக்குத் தெரியுமா?"

ஸ்டோர்ஸுக்கு வந்தாள். போட்டோவைப் பார்த்தாள். பூ இருந்த டம்ளரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள். நாற்காலியில் விரித்திருந்த துண்டை எடுத்து நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள்.

முனுசாமி ஒதுங்கி நின்றார். அவ்வளவு நாள் நாங்கள் காவல் காத்த இடத்தில் உட்கார உரிமை உள்ள ஒரே ஆள் உட்கார்ந்துவிட்டாள்.

நான் திரையைப் போட்டேன்.

கறுப்புத் திரை. அடியில் ஒரே ஒரு வரி. ஆங்கிலத்தில் ஒரு கேள்வி. குறித்து வைத்த கடிதங்களை அழித்துவிடலாமா? ஆமாம் என்றால் ஒய், இல்லை என்றால் என். பக்கத்தில் அந்தச் சின்னக் கோடு விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது. பெட்டியைப் பூட்டிக்கொண்டு கேள்வி கேட்கிற அசட்டுப் புரோகிராம். கேட்ட நேரத்தில் லாரி வந்திருக்கிறது. பதில் சொல்ல வேண்டியவர் எழுந்து போயிருக்கிறார். அது அன்றிலிருந்து அவருக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"இன்னா மேடம் கேக்குது?" என்றாள் விஜயா.

சொன்னேன். அவர் காலையில் என் அறைக்கு வந்ததையும் சொன்னேன். பாப்பாவின் மெயில் வர இடம் வேண்டும் என்றுதான் பழையதை எல்லாம் அழித்துக்கொண்டிருந்தார் என்றேன். மகளுடைய மெயில் வரட்டும் என்று செய்த வேலையாலேயே அந்த மெயில் வெளியில் நின்றது. இதற்கு யாரைக் குற்றம் சொல்வது?

பவித்ரா அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதுவரைக்கும் நிதானமாக இருந்த பெண் அப்போதுதான் அழுதாள்.

விஜயா திரைப் பக்கம் திரும்பினாள்.

"அவரு அழிக்கணும்னுதானே நெனச்சாரு?"

"ஆமாம்மா. பழைய கொரியர் மெயில், ரேட்டு மெயில்தான். வேற ஒண்ணும் இல்ல. எதுக்கும் முழுப் பெட்டியையும் நான் காப்பி எடுத்து வெச்சிருக்கேன்."

"அப்போ ஆமான்னே போட்டுடலாம். எது மேடம் அது?"

பவித்ரா விரலால் காட்டினாள். விஜயா ஆட்காட்டி விரலால் அந்த எழுத்தை அழுத்தினாள். காலிங் பெல்லை அழுத்துவது போல, கொஞ்சம் அதிக நேரம்.

கேள்வி மறைந்தது. புரோகிராம் தன் வேலையை முடித்துவிட்டுப் பூட்டைத் தானே எடுத்துக்கொண்டது. நான் என் அறைக்கு ஓடி, வெளியில் நின்ற மெயில்களை உள்ளே அனுப்பிவிட்டுத் திரும்பி வந்தேன். பெட்டியை மறுபடி திறந்தபோது ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றன. ஸ்க்ரூ கம்பெனி, ஆயில் கம்பெனி, கொரியர், கொரியர்... கல்லூரி.

பவித்ரா குனிந்து படிக்கப் போனாள்.

"இரு, நீ பாக்காத" என்றாள் விஜயா.

மடியில் இருந்த துண்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அந்த மெயிலை முழுக்கப் பார்த்தாள். மேலிருந்து கீழே, ஒவ்வொரு வரியாக. அவளுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது என்று பிறகு பவித்ரா சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

"அவருதானே மொதல்ல பாக்கணும்னாரு? பாத்தாச்சி. இப்போ நீ படி."

முனுசாமி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் என்ன செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

புதன்கிழமை மதியத்துக்குள் நேரில் வரவும் என்றிருந்தது. மறுநாள் மதியம்! பதினாறாம் நாள் வரைக்கும் நாங்கள் அந்த இடத்தை அப்படியே காப்பாற்றியிருந்தால்... நினைக்கவே பயமாக இருக்கிறது. எங்களில் யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. எல்லோரும் மரியாதைதான் செய்தோம். போனவருக்குச் செய்த மரியாதையில், அவர் யாருக்காக உழைத்தாரோ அந்தப் பெண்ணை வாசலில் நிற்க வைத்துவிட்டோம்.

உங்கள் போனில்கூட இறந்துபோன ஒருவரின் நம்பர் இருக்கும். அழித்திருக்க மாட்டீர்கள். நானும் அழிக்கவில்லை. அது இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கும் இடைஞ்சல் இல்லை. ஆனால் வீட்டில் அவருக்காக அப்படியே நிறுத்தி வைத்த வேலை ஏதாவது இருக்கிறதா? அதன் பின்னால் யாராவது காத்திருக்கிறார்களா? ஒரு தடவை எழுந்து போய்ப் பாருங்கள். அவர் விட்ட இடத்தில் ஒரு சின்ன 'ஆமாம்' மட்டும் பாக்கி இருக்கலாம்.

சனிக்கிழமை பவித்ரா போன் செய்தாள். இடம் கிடைத்துவிட்டது. காரியம் முடிந்த பிறகு ஹாஸ்டலுக்கு வந்தால் போதும் என்று கல்லூரியிலேயே சொல்லிவிட்டார்களாம். புதன்கிழமை காலையில் பூந்தமல்லியில் பஸ்ஸில் ஏற முடியாத கூட்டம் என்றாள். அம்மாவால் நிற்க முடியாது என்று அவள் ஜன்னல் வழியாக அந்தப் பச்சைக் கரை துண்டைத்தான் சீட்டில் போட்டாளாம்.

"ஏறிப் போறதுக்குள்ள யாராச்சும் உக்காந்துடுவாங்களோன்னு பயந்துகினே போனேன் மேடம். யாரும் உக்காரல."

அப்பா போட்ட துண்டு இல்லையா... இடம் கிடைக்காமல் போகுமா?